ஜுஸ்ஸாரா நின்ற வரிசை

ஜுஸ்ஸாரா வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்படியொரு கட்டைக்குரல். திருநங்கையாக வாழத் தொடங்கிய நாளில் அந்தக் குரலை வைத்து அவளைக் கேலி செய்யாத வாயே ஊரில் இல்லை. இப்போதோ ஜூன் பிறந்தால் அதே வாய்கள் அவள் வாசலில் வந்து கெஞ்சுகின்றன. புனித ஜான் திருவிழா ஆட்டத்துக்குக் கட்டளை கூவ அவளை விட்டால் வேறு நாதியில்லை. மற்ற மாதங்களில் சந்தைக்குப் பின்னால் அழகு நிலையம் நடத்துகிறாள்.

கூவுவது லேசான வேலையில்லை. கைகோத்த வரிசை அக்கார்டியன் இசைக்கு நகரும்போது "பாம்பு வருது!" என்று அலற வேண்டும். எல்லாரும் கூச்சலிட்டுத் திரும்பி ஓடுவார்கள். "பொய்!" என்றதும் சிரித்துக்கொண்டு முன்னால் திரும்புவார்கள். கூவுகிறவர் வரிசைக்கு வெளியேதான் நிற்பார். அவர் சொல்ல வேண்டியதை வேறு யாரும் சொல்லக் கூடாது.

இந்த வருஷம் அழைத்தது, அவள் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடம். படித்தது என்ன, பாதியில் துரத்தப்பட்டது. பதின்மூன்று வயதில் அக்காளின் பூப்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு, பள்ளி முற்றத்தில் இதே ஆட்டத்துக்கு வந்து நின்றாள். பக்கத்தில் நின்ற பையன்கள் சட்டைக் கையை இழுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டார்கள். வரிசை அறுந்துபோனது. "உனக்கு இங்க இடமில்ல, போ" என்றார் டீச்சர். போனவள் போனவள்தான். அந்த டீச்சரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒத்திகையில் ஜுஸ்ஸாராவின் கண்ணில் முதலில் பட்டதே ஒரு சட்டைக் கைதான். ஆட்டத்தோடு சேர்த்து நடத்தும் விளையாட்டுக் கல்யாணத்துக்குப் பெண் வேஷம் கட்டிய ரயானி, பக்கத்தில் நின்ற தைனாவின் கையைத் தொடாமல் துணியை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது என்று தைனா யாரிடமோ நம்பிச் சொல்லியிருந்தாள். அது பள்ளி முழுக்கப் பரவியதிலிருந்து பிள்ளைகள் அவள் பெஞ்சில்கூட உட்காருவதில்லை.

ஜுஸ்ஸாரா இசையை நிறுத்தச் சொன்னாள்.

"ஏன்டி, கையில என்ன சிரங்கா?"

"அவ கையப் பிடிச்சா எனக்கும் ஒட்டிக்கும்க்கா," என்றாள் ரயானி. பின்னால் கொல்லென்று சிரிப்பு.

தைனா அழவில்லை. "நான் நாளையிலேர்ந்து வரல. ஸ்கூலுக்கே வரல," என்று பையை எடுத்துக்கொண்டாள். ஜுஸ்ஸாரா பையின் வாரைப் பிடித்து அவளை நிறுத்தினாள்.

தலைமை ஆசிரியை இவோனி ஜுஸ்ஸாராவை ஓரமாக அழைத்தார். "இந்த ஒரு வருஷம் அந்தப் பொண்ணு ஆட வேணாமே. பெத்தவங்கல்லாம் வர்றாங்க, எதுக்கு வம்பு?"

"அவ இல்லாட்டி நானும் இல்ல டீச்சர். பாம்பு வருதுன்னு நீங்களே கூவிக்கோங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. ஊரில் எவரும் செய்யாததைச் செய்தாள். நேராக வரிசைக்குள் புகுந்து தைனாவின் கையைப் பிடித்தாள். மறுகையை ரயானியிடம் நீட்டினாள்.

"இனிமே இங்க நின்னுதான் கூவுவேன். எங்கிட்டயும் ஒட்டிக்குமான்னு பிடிச்சுப் பாரு. பிடிக்கலன்னா ஆட்டம் கிடையாது, உன் கல்யாணமும் கிடையாது!"

ரயானி முறைத்தாள். பிறகு வேண்டாவெறுப்பாக இரண்டு விரலை மட்டும் கொடுத்தாள். ஒரு வாரத்தில் அது முழுக் கையானது. நான்காவது ஒத்திகையில் அவளே ஜுஸ்ஸாராவுக்கும் தைனாவுக்கும் நடுவில் வந்து தைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இவதான் தாளம் தப்பாம ஆடுறா" என்று முனகினாள்.

திருவிழா அன்று தூறல். முற்றம் முழுக்கக் காகிதக் கொடிகள், சோளக்கஞ்சி வாசனை. வரிசை நகர்ந்தது. ஜுஸ்ஸாரா வரிசைக்குள் நின்றபடியே, "பாம்பு வருது!" என்றாள். பிள்ளைகள் அலறித் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து ஒரு தடியன் கத்தினான்:

"இந்த மாதிரி ஜென்மங்களுக்கெல்லாம் ஸ்கூல்ல இடமில்ல!"

அக்கார்டியன் நின்றது. தைனாவின் முகம் வெளுத்தது. அதே முற்றம், அதே வார்த்தை; ஜுஸ்ஸாரா கூவ வாயைத் திறந்தாள். எந்தக் குரலுக்கு ஊரே வாசலில் வந்து நின்றதோ அந்தக் குரல் வரவே இல்லை.

"பொய்!"

கூவியது ரயானி. தலையில் கல்யாண முக்காடு, பிடியில் தைனாவின் கை.

"பொய்!" என்றது வரிசை முழுக்க. கஞ்சி ஊற்றிய பெண்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு "பொய்!" என்றார்கள். கடைசியாக இவோனியும் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "பொய்! சுத்தப் பொய்!" என்றார். அந்தத் தடியன் அடுப்புப் புகைக்குள் எங்கே ஒளிந்தானோ, தெரியாது.

ஜுஸ்ஸாரா கண்ணைத் துடைக்கவில்லை. இரண்டு கையும் பிள்ளைகளிடம் இருந்தன. "கேட்டுச்சில்ல? திரும்புங்கடி முன்னால!" என்று கர்ஜித்தாள். வரிசை எங்கும் அறுந்துபோகாமல் முற்றத்தைச் சுற்றி வந்தது.