ஒயின் ஊருக்கு ஒத்திகை

திருக்கழுக்குன்றம் மலைப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த மாதம் இத்தாலியில் ஒரு சின்ன மலையுச்சிக் கிராமத்துக்குப் போக ஆசை. ஒயினுக்குப் பேர்போன ஊர். உள்ளே வண்டி போகாது, நடந்துதான் ஏற வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த என் மனைவி சாந்தியால் முடியுமா என்று பார்க்கத்தான் இன்று இங்கே வந்தோம். முடியாவிட்டால் பயணமே இல்லை.

“இன்னாமா, வேண்டுதலா?” என்கிறார் மோர் விற்கும் அம்மா.

சாந்தி விஷயத்தைச் சொல்கிறாள்.

“ஏறிடுவீங்க. குடிச்சிட்டு எப்டிமா எறங்குவீங்க? எங்கூட்டுக்காரரு சமதரையிலயே வுழுறாரு!”

சாந்தி சிரித்துக்கொண்டே எழுந்து, என் கையைப் பிடிக்காமல் ஏறுகிறாள். உச்சியில் காற்று புடவையை அள்ளுகிறது.

“டிக்கெட் போடுங்க,” என்கிறாள். “ராத்திரி அங்கேயே தங்கிடலாம்.”