புல்லில் பூச்சி என்று வந்த புகார்

கோபம் வந்தால் கை நீட்டிவிடுகிறவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இதில் நான் யோக்கியனாக எங்கும் வரப்போவதில்லை.

வளைகுடாவில் ஒரு ஹோட்டல் தோட்டத்தில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சிறுவாச்சூருக்குத் திரும்பி வந்து, பெரம்பலூரில் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினேன். வீட்டின் முன்னால் புல்தரை, ஓரத்தில் பூச்செடி, வாரம் ஒருமுறை ஆள் போய்ப் பராமரிப்பது. அந்த ஹோட்டலில் மரத்துக்கு மரம் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் செய்தேன். நாங்கள் போட்ட தோட்டம் ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரக் கம்பியில் கையகலத் தகரத் தகடு ஒன்றை நட்டோம். வீட்டுக்காரர் போனில் அதை ஸ்கேன் செய்தால் என்னென்ன செடி, எப்போது உரம் வைத்தோம் என்றெல்லாம் வரும். கீழே புகார் எழுத ஒரு கட்டம் இருக்கும். வேலையாள் போய் அதையே ஸ்கேன் செய்தால் வருகைப் பதிவு ஆகிவிடும். விளம்பரமும் அதுதான். கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடும் பூந்தொட்டிகளில் ஒட்டி அனுப்புவோம். பந்திக்குக் காத்து நிற்கிறவர்கள் பொழுது போகாமல் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் இதையெல்லாம் உட்கார்ந்து செய்தது என் மனைவி. எங்கள் இருவரில் படித்தவள் அவள்தான்.

முதல் வருடம் ஒரு வேலையாள் தகட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தோட்டத்துக்கே போகாமல், டீக்கடையில் உட்கார்ந்தபடி அந்தப் போட்டோவை ஸ்கேன் செய்து வருகை போட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாலு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதே டீக்கடையில், பத்துப் பேர் பார்க்க அறைந்தேன். கையிலிருந்த கிளாஸ் உடைந்து அவர் உள்ளங்கை கிழிந்தது. "வயசுக்காச்சும் மரியாத குடு தம்பி" என்றார். இன்னொன்று விட்டேன். ஆட்களை ஒழுங்காக வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று வீட்டுக்குப் போனேன்.

அரியலூர் வீட்டு வேலை மண்டபத்துத் தொட்டி வழியாக வந்தது. வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருந்தவர். ஒரு கல்யாணத்தில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தார். ஊருக்கு வெளியே புது வீடு; ரோட்டுத் தூசி இலைமேல் மாவு மாதிரி படியும், வாராவாரம் இலையைக் கழுவ வேண்டும். அதற்கு எறையூர்க்கார அக்கா ஒருவரை அனுப்பினேன். பல வருடம் கரும்பு வெட்டிவிட்டு என்னிடம் வேலைக்குச் சேர்ந்தவர். வீட்டுக்காரரின் மனைவி, அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நான் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு உள்ளேயே நின்று பார்ப்பார்.

மூன்றாம் மாதத்திலிருந்து அந்த வீட்டுத் தகட்டின் வழியாகப் புகார்கள் வர ஆரம்பித்தன. புல்லில் பூச்சி. செம்பருத்தி வாடுகிறது. குழாய் அடைப்பு. வாரத்துக்கு மூன்று, சில வாரம் நாலு. ஞாயிற்றுக்கிழமை கூட. பெரம்பலூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் வண்டி போய்விட்டு வரும். அக்கா திரும்பி வந்து ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. இன்னும் செத்த நேரம் இருந்துட்டுப் போங்கக்கான்னு அந்தப் பொண்ணு டீ போட்டுக் குடுக்குது."

ஒருநாள் இன்னொன்றும் சொன்னார். "வளையல் போடுற எடத்துல கன்னிப்போயிருக்கு தம்பி. நாலு வெரலும் தெரியுது."

"நமக்குச் செடியோட வேலைக்கா" என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஞாயிறு வீணானதும் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"சார், உங்க வூட்லேருந்து சும்மா சும்மா கம்ப்ளெயின்ட் வந்துக்கிட்டே இருக்கு. வந்து பாத்தா ஒண்ணும் இருக்க மாட்டேங்குது."

"யாரு போடுறது?" என்றார்.

"தெரியலைங்க சார். வூட்ல யாரோ ஸ்கேன் பண்ணித்தான் எழுதுறாங்க."

"சரி. நான் பாத்துக்கறேன். இனிமே வராது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றே அந்த வீட்டின் புகார்க் கட்டத்தை மூடச் சொன்னேன். மனைவி ஏன் என்று கேட்டாள். தொல்லை விட்டது என்றேன்.

இரண்டு நாள் கழித்து, வாராவாரம் பராமரிப்புக்குப் போகும் நாள். அக்காவோடு நானும் போனேன். காலை பத்து மணி இருக்கும். கேட் பாதி திறந்திருந்தது. வண்டியை நிறுத்தும்போதே ஆள் கத்துவது கேட்டது.

"இதுலதானடி எழுதுன? எழுது. இப்ப எழுதுடி!"

உள்ளே போனால், வீட்டுக்காரன் அந்தப் பெண்ணின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்துப் புல்தரையில் மண்டிபோட வைத்திருந்தான். எங்கள் தகட்டில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு இடி. தகர விளிம்பு புருவத்தைக் கிழித்து ரத்தம் கழுத்து வரை இறங்கியிருந்தது. அந்தப் பெண் ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தார். இன்னொரு கை மணிக்கட்டில் மடங்கக் கூடாத பக்கம் மடங்கித் தொங்கியது. அவர் கத்தவே இல்லை. மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது.

நான் நின்றுவிட்டேன். கை நீட்டுவதற்குப் பெயர் போன நான், கேட்டருகே கட்டை மாதிரி நின்றேன். அக்கா நிற்கவில்லை. செடி கழிக்கும் அரிவாளோடு ஓடி, அதன் பின்பக்கத்தால் அவன் தோளில் ஓங்கிப் போட்டார். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. பிடி விட்டது. "யார்றி நீ?" என்று திரும்பியவன் பாத்தி ஓரத்துச் செங்கல் ஒன்றைப் பிடுங்கி அக்காவின் தலையைக் குறிவைத்து ஓங்கினான். அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. இடையில் போய் விழுந்தேன். செங்கல் என் தாடையில் இறங்கியது. இரண்டு பல் நாக்கின்மேல் விழுந்தன.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்மண் தெரியவில்லை என்று சொல்வார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது. அவனைத் தள்ளி மார்மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்தது. கையைத் தூக்கித் தடுத்தான். கையை மடக்கிவிட்டுக் குத்தினேன். கொஞ்ச நேரத்தில் தடுப்பதையும் விட்டுவிட்டான்.

"போதும் தம்பி, அடங்கிட்டான்! வுடு, செத்துருவான்!" என்று அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அது காதில் விழுந்த பிறகும் இரண்டு முறை குத்தினேன். அந்தப் பெண்ணுக்காக அடித்தேன் என்று பிற்பாடு பலரிடம் சொன்னேன். அந்தக் கடைசி இரண்டும் அவருக்காக இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பெண்ணை முன்சீட்டில் நடுவில் உட்காரவைத்து வண்டியை அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு விட்டேன். அக்கா தன் துண்டைப் புருவத்தில் அழுத்திப் பிடித்திருந்தார். பாதி வழியில் அந்தப் பெண் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அவருகிட்ட யாருங்க சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தார். என் வாயில் ரத்தம் நிறைந்திருந்தது. அதைச் சாக்காக வைத்துப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஜன்னல் வழியே துப்பினேன்.

"நாந்தாங்க."

அந்தப் பெண் குரல் உயராமல் சொன்னார். "வெளியாளுங்க இருந்தா அவரு கை ஓங்க மாட்டாருங்க. அதுக்குத்தான் எழுதுனேன். போன்ல யாருகிட்டப் பேசுனாலும் எடுத்துப் பாத்துருவாரு. அதுல எழுதுனா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

புருவத்தில் ஏழு தையல். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. போலீசில் அவன்மேல் ஒரு வழக்கு, அவன் கொடுத்த புகாரில் என்மேல் ஒன்று. மீன்சுருட்டியிலிருந்து அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவன் ஆட்கள் ஒரு லாரியில் பெரம்பலூர் வந்தார்கள். பட்டப்பகல். செடி வளர்க்கும் பச்சை வலைக் கொட்டகையின் தூண்களைக் கடப்பாரையால் அடித்துச் சாய்த்தார்கள். தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் போட்டார்கள். நாற்றுகளின் மேல் லாரியை முன்னும் பின்னும் ஓட்டினார்கள். என் மனைவி ஆபீஸ் அறையைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளே இருந்தாள். கதவில் கடப்பாரையால் மூன்று அடி அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் வந்து பார்த்தபோது செம்மண்ணும் தொட்டி ஓடும் வேருமாகக் கிடந்தது. ஒரு இரும்புக் கம்பியை எடுத்து வண்டியில் போட்டேன்.

மனைவி வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"போறதா இருந்தா திரும்பி வராதீங்க" என்றாள். "அக்கா சொன்னாங்க. அந்தாளு அடிச்சதும் நீங்க அடிச்சதும் ஒரே மாதிரிதான் இருந்துச்சாம். எது யாருன்னு தெரியலயாம்."

அக்கா என்னிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. நான் கம்பியை வண்டியிலிருந்து எடுத்துக் கீழே போட்டேன். மனம் திருந்தியெல்லாம் இல்லை. உடைந்த தொட்டிகளுக்கு நடுவில் இருவரும் நின்றோம். என் கை அவள் பக்கம் அசைந்தபோது அவள் அரை அடி பின்னால் போனாள். நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை.

சமாதானம் பேச இரண்டு பக்கத்திலும் ஆட்கள் அலைந்தார்கள். இரண்டு வழக்கையும் திரும்பப் பெற்றால் என் தொழிலுக்குத் தொந்தரவு வராது என்று என்னிடம் சொன்னார்கள். அந்தப் பெண் முடியாது என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்ன பிறகு நானும் முடியாது என்றேன்.

சாட்சி சொல்லக் கூப்பிட்ட நாளில் அவன் தரப்பு வக்கீல் கேட்டார்.

"வீட்டுக்காரருக்கு எதுக்கு போன் பண்ணீங்க?"

"வண்டி சும்மா சும்மா போயிட்டு வருதுன்னுங்க."

"அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டம்னு அன்னைக்கு யோசிச்சீங்களா?"

அந்தப் பெண்மீது எனக்கு அக்கறை எதுவும் கிடையாது, அவன்மேல் எனக்கு வேறு பகை என்று காட்டுவதற்காகக் கேட்டார். என்ன பதில் சொன்னால் வழக்குக்கு நல்லது என்று எங்கள் தரப்பில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"இல்லைங்க. யோசிக்கல. எங்க வேலைக்கார அக்கா சொன்னாங்க, நான் காதுல வாங்கல."

அதை எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண் பின்வரிசையில் அண்ணனோடு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே கூடியிருந்தது. நான் இறங்கி அவரைத் தாண்டிப் போனபோது அவர் நிமிரவில்லை.

வழக்குகள் இரண்டும் இன்னும் முடியவில்லை. ஒன்றில் சாட்சி, இன்னொன்றில் குற்றவாளிக் கூண்டு. இரண்டுக்கும் ஒரே கோர்ட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.