குசும்பில் படித்த சாலை விதிகள்

இளைய மகள் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். நேற்று லேணர்ஸ் லைசென்ஸ் பரீட்சைக்கான கேள்விப் புத்தகத்தோடு அடுக்களைக்குள் வந்து, "அம்மா, நான் சொல்லுகது சரிதானாண்ணு பாரு" என்று அதை என் கையில் திணித்தாள். நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. குறுகிய பாலத்தில் எதிரே வண்டி வந்தால்? பள்ளிக்கூடத்துப் பக்கம் போனால்? கேட்டுக்கொண்டே போனேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சைக்கிள்கூட மிதித்தறியாத அம்மா அல்லவா.

அவள் மேலிருந்து லேசாகப் பெட்ரோல் வாசம் அடித்தது. எனக்கு அந்த வகை வாசம் வந்தால் சோப்பு வாசமும் கூடவே வந்துவிடும். காரணம் உண்டு, சொல்கிறேன்.

விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து பாறசாலைக்குக் கல்யாணமாகி வந்த புதிது. என் வீட்டுக்காரர் ஞானதாசு ஒரு பஸ்ஸில் கிளீனர். எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். தமிழ்த் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்து மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம், கடையடைப்பு, போலீஸ். அவர் பஸ்ஸின் டிரைவர் ஊர்வலத்தில் போய்விட்டு, போலீசுக்குப் பயந்து எங்கேயோ தலைமறைவாகிவிட்டார். டிரைவர் இருக்கை காலி. லைசென்ஸ் எடுத்தால் உனக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வண்டி ஓட்ட அவருக்குத் தெரியும். சாலை விதிகள்தான் சிக்கல். விதிப் புத்தகம் மலையாளத்தில். அவர் மலையாளம் தண்ணீர்போலப் பேசுவார். ஆனால் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில், தமிழ். மலையாள எழுத்துக் கூட்டத் தெரியாது. அடுத்த வீட்டு சரோஜினி டீச்சர் வாசித்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டாள். அவளுடைய கணவருக்கு வடக்கே ரயில்வேயில் வேலை. வருஷத்துக்கொரு முறை வருவார். டீச்சர் நல்ல நிறம், நல்ல குரல். போதாதா?

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரும்போது டீசலும் கிரீசுமாக வருவார். அப்படியே சோற்றுக்கு உட்காருவார். ஆனால் டீச்சர் வீட்டுக்குப் பாடத்துக்குப் போகும்போது மட்டும் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளிப்பார். தலைகூடச் சீவுவார். எனக்கு டீசல், அவளுக்கு சோப்பு. எங்கள் பக்கத்தில் பொறாமையைக் குசும்பு என்போம். எனக்கு அது காலிலிருந்து தலைவரை ஏறியது.

ஒருநாள் மரச்சீனிக் கிழங்கு பிடுங்குகிற சாக்கில் வேலி ஓரம் நின்றேன். டீச்சர் முற்றத்தில் நின்று, வலதுபுறம் திரும்புவதற்கு எப்படிக் கை காட்ட வேண்டும் என்று வளையல் போட்ட கையை நீட்டிக் காட்டினாள். இவரும் எதிரே நின்று கையை நீட்டினார். இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். என் கண்ணுக்கு அந்த முழம் தெரியவில்லை. பிடுங்கின மரச்சீனியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து மாமியாரிடம் தலைவலி என்றேன்.

அன்று எனக்குத் தமிழ்ப்பற்று வந்தது. அதுவரை ஊர்வலச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறவள் நான்.

"நாளைக்கு நம்ம ஊரு மதராஸுக்குப் போவும். அப்ப தமிழிலயே பரீட்ச வைப்பாவ. இப்ப என்னத்துக்கு இந்த மலையாளம்?" என்றேன்.

"அது வாறப்ப வரட்டு. டிரைவரு சீற்று இப்பளாக்கும் காலியா கெடக்கு" என்றார், தலையைத் துவட்டியபடி.

போராட்டத்தால் பஸ்கள் நின்றன. அவருக்கு வேலை இல்லை. விளைவு, பாடம் காலையிலும் நடந்தது. நான் போராட்டத்தையும் வெறுக்க ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒருநாள் அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பதாகத்தான் திட்டம். "எந்தா மோளே?" என்று அவள் சிரித்த முகத்தோடு கேட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது வேறு: "எனக்கு மலையாளம் படிக்கணும். அவருக்கு நானே வாசிச்சுச் சொல்லுகேன்."

டீச்சருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"குசும்பு, இல்லியா?" என்றாள். "இரி. ஒனக்கு எம்மேல குசும்பு. எனக்கு ஒம்மேலயாக்கும். அவரு இங்க வந்து இருந்தா, 'வேகம் முடியுங்க டீச்சரே, வீட்டுல அவ சோறு வெளம்பி காத்திருப்பா'ண்ணு அவசரப்படுத்துவாரு. எனக்க ஆளு அப்பிடி ஒருநாளும் ஓடி வந்ததில்ல." சொல்லிவிட்டு, சிலேட்டை எடுத்து முதல் எழுத்தை எழுதினாள்.

குசும்பைப் போல வாத்தியார் கிடையாது. அந்த மாதம் முடியுமுன் எழுத்துக் கூட்டிப் புத்தகம் வாசித்தேன். அதற்குப் பிறகு பாடம் எங்கள் வீட்டில். தப்பாகச் சொன்னால் அகப்பைக் காம்பால் கையில் தட்டுவேன். "ஏட்டி, டீச்சரு இப்பிடி அடிச்சதில்ல" என்பார். "அப்ப அங்கயே போங்க" என்பேன். போகவில்லை. ஆனால் எனக்காக சோப்புப் போட்டும் குளிக்கவில்லை.

பரீட்சையன்று நெய்யாற்றின்கரையில் இன்ஸ்பெக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, "வழியில ஜாதை வந்தா என்ன செய்யும்?" என்றாராம். ஜாதை என்றால் ஊர்வலம். இவர் தமிழ் ஆள் என்று தெரிந்தே போட்ட கொக்கி. இவர், நான் படித்துக் கொடுத்தபடி, வண்டியை இடது ஓரம் நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், அவர்கள் கடந்துபோகும்வரை பொறுத்திருப்பேன் என்றார்.

"நீயும் அதுல போயி சேருவியோ?"

"சேந்தா வண்டிய ஆரு பாப்பா, ஏமானே?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். லைசென்ஸ் கிடைத்தது. ஊர் திரும்பியவர் முதலில் டீச்சர் வீட்டுப் படியில்தான் போய்ச் சொன்னார். நான் அடுப்பை ஊதிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊதின வேகத்தில் சாம்பல் முகத்தில் அடித்தது.

பிறகு எல்லை பிரித்தார்கள். என் பிறந்த வீடு மதராஸுக்குப் போயிற்று, புகுந்த வீடு இங்கேயே, மலையாளப் பக்கம் நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்த என் அண்ணன், அந்த வருத்தத்தில் கொஞ்ச காலம் வரவில்லை. என் பிள்ளைகள் மலையாளம் படித்தார்கள். தொடக்கத்தில் சொல்லிக் கொடுத்தது நான். டீச்சர் வேலை மாற்றலாகி வீட்டை விற்றுவிட்டுப் போனாள்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது டீச்சர் வந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைவிட உரக்க அழுதாள். அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது, நம்புவீர்களா? பிறகு இருவரும், விதியைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அவர் திக்கித் திக்கி விழிப்பதைச் சொல்லிச் சிரித்தோம். துக்க வீட்டில் இப்படியா என்று சனங்கள் பார்த்தார்கள்.

போன மழைக்காலத்தில் டீச்சரும் போய்விட்டாளாம். தாமதமாகத்தான் தெரிந்தது. அந்த இளவயதில் என் வீட்டுக்காரர் இருந்த இருப்பை அறிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது அவர் முழுக்க எனக்கே சொந்தம். பங்குக்கு வர ஆளில்லை. அன்றைக்கு ஆசைப்பட்டது அதுதான். கிடைத்தபோது கையில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.