பகலில் சாத்தும் கதவு

இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ் என்னைச் சின்ன காஞ்சிபுரத்தில் இறக்கிவிடும்போது கடைகள் திறந்திருக்கும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் உடனே தூக்கம் வராது. அந்த நேரத்தில்தான் செல்போனில் பேய்ப் படம் பார்ப்பேன். அலறலும் ரத்தமும் உள்ளவை அல்ல. ஒரு வீடு, அதில் ஒருத்தி, அவளுடைய துக்கம். பேய் வருமா வராதா என்றே தெரியாமல் மெதுவாக நகர்பவை. களைத்த உடம்புக்கு அந்த வேகம்தான் ஒத்துப்போனது.

படுத்தால் வேறு தொல்லை. உள்ளறைக் கதவைச் சாத்த அப்பா விடமாட்டார். வெயில் முகத்தில் அடிக்கும். பக்கத்து வீட்டுத் தறி என் தலைக்குள்ளேயே ஓடும்.

அம்மாவின் பதினாறாம் நாள் அந்த அறையில்தான் படையல் போட்டோம். அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் சோறும் இலையில் வைத்து, விளக்கேற்றி, எங்கள் வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். செத்தவர் வந்து சாப்பிட்டிருந்தால் சோறு கொஞ்சமாவது கலைந்திருக்கும் என்பார்கள். அப்பாதான் திறந்தார். குவித்த சோறு குவித்தபடியே இருந்தது.

"அவளே வெச்ச கொழம்பா இருந்தா தொட்டிருப்பா," என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. அன்றிலிருந்து நான் அந்தக் கதவைச் சாத்தினால், "காத்து வரட்டும்பா" என்று வந்து திறந்துவிடுவார். காரணம் தெரிந்ததால் நானும் விட்டுவிட்டேன். பகல் தூக்கம் கெட்டு, ஓர் இரவு கம்பெனியில் மெஷின் முன்னால் நின்றபடியே கண்ணசந்துபோனேன். இன்னொரு முறை பார்த்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். மூட்டை வராத ஒரு நாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படம் பார்த்தார்.

"இன்னாடா, இம்மாம் நேரமா ஒண்ணுமே நடக்கல. பேய் பஸ்ல வந்துக்கினு இருக்குதா?"

"இரு நைனா, வரும்."

அவருக்குப் படிக்கத் தெரியாது. கீழே ஓடும் எழுத்தை நான்தான் தமிழில் சொன்னேன். சொல்வதற்கு அதிகமில்லை. கடலில் போன கணவனுக்கு ஒருத்தி தினமும் தட்டு வைக்கிறாள். வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"தப்பு பண்றாபா. சாத்திட்டு வெளிய வரணும். எதிர்ல குந்திக்கினு இருந்தா அவன் எப்படி வருவான்?"

படம் முடியப்போகும்போது அவள் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். "ஆங்," என்று அப்பா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். சற்றுப் பொறுத்து அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். அப்பா போனைக் கவிழ்த்துவிட்டார்.

"தொறந்தா காலியா இருக்கும்பா. பேய் இருந்தாகூட தேவல."

எனக்குப் படத்தைப் பற்றிப் பேசத் தோன்றவில்லை. "நைனா, பகல்ல தூங்கலன்னா வேல போயிடும் போல இருக்குது," என்றேன்.

அப்பா போனை என் கையில் கொடுத்தார். பிறகு, "போய்ப் படு" என்று எழுந்து வந்து, தானே கதவைச் சாத்தினார். அறை இருண்டது. தறிச் சத்தம் தூரப் போனது.

கண் சொருகும் நேரத்தில் தாழ்ப்பாள் அசைந்தது. கதவு ஒரு விரலளவு திறந்தது. அப்பா உள்ளே வரவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார். படுத்தபடியே கையைத் தூக்கிக் காட்டினேன்.

"இருக்கேன் நைனா."

"சரி, சரி. தூங்கு," என்று மறுபடி சாத்தினார்.