சாவுப் பெட்டியில் ஒரு ரெகார்டு: பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் தாண்டி

மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பாட்டுக்காக, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரிலிருந்து கிளம்பி அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம் ரோட்டில் ஒரு கிராமம் வரைக்கும் போய் வந்தேன். போக வர நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம். சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பழைய ரெகார்டு தேடி நம் பக்கத்து ஊர்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன். படத்தின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள், உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக: வயது முப்பத்தொன்று. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. துறைமங்கலத்தில் மாடி ரூம், தனி ஆள். கட்டில் ஒன்று, கேஸ் அடுப்பு ஒன்று, ரெகார்டு இருநூற்றுப் பன்னிரண்டு. காலையில் குக்கரை ஏற்றும்போது ஒரு எல்.பி.யைப் போட்டால், ஒரு பக்கம் முடிவதற்குள் சோறும் ரசமும் ஆகிவிடும். கல்யாணம் எப்போ என்று கேட்பவர்களிடம் 'பண்ணிக்கறதா இல்லீங்க' என்று நேராகச் சொல்லிவிடுவேன். காதல் தோல்வி, ஜாதகக் கோளாறு, ஒரு மண்ணும் கிடையாது. தனியாக இருப்பது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை.

இனி பாட்டு. ஓடாத ஒரு படத்தின் சின்ன ரெகார்டு, மொத்தம் நாலு பாட்டு. நாலாவது பாட்டுதான் எனக்கு வேண்டியது. புருஷன் கப்பலேறிப் போய்விட்டான், கடுதாசி இல்லை, கரையில் நின்று ஒருத்தி பாடுகிறாள். நெட்டில் முதல் ஒன்றரை நிமிஷம் மட்டும் கிடக்கிறது, அதுவும் யாரோ ரேடியோவிலிருந்து பிடித்தது. அந்த ரெகார்டு என்னிடம் இரண்டு காப்பி இருக்கிறது. இரண்டிலும் நாலாவது பாட்டின் குறுக்கே ஆணியால் கீறியிருக்கிறது. முள்ளை வைத்தால் தவளை மாதிரி குதிக்கும்.

ஏன் கீறினார்கள் என்பது கண்ணாடி மாற்ற வந்த ஒரு லைட் செட்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் கல்யாண வீட்டுக்கு ரேடியோ செட் கட்டப் போகிறவர்கள், தப்பித் தவறிக்கூட சோகப் பாட்டு ஓடிவிடக் கூடாது என்று அந்தப் பாட்டை மட்டும் ஆணியால் கெடுத்து வைத்துவிடுவார்களாம். மாப்பிள்ளை அழைப்பில் ஒப்பாரி கேட்டால் யார் சும்மா விடுவார்கள்? துக்க வீட்டுக்குத் தனிப் பெட்டி. அதில் உள்ள ரெகார்டுகளில் சந்தோஷப் பாட்டெல்லாம் கீறல், சோகப் பாட்டு மட்டும் பளபளவென்று இருக்கும். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. மூன்று வருஷமாகத் தப்பான பெட்டியில் தேடியிருக்கிறேன்.

அவரே ஒரு நம்பர் கொடுத்தார். ஜெயங்கொண்டம் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிற குடும்பம். போன் எடுத்தவர் செல்வி அக்கா. நான் சொன்ன ரெகார்டு துக்க வீட்டுக்கான கறுப்புப் பெட்டியில் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். பிறகு, "நீங்க குடும்பஸ்தருதான தம்பி?" என்று கேட்டார். பேச்சிலருக்கு வீடு தர யோசிப்பதுபோல இதுவும் என்னவோ என்று நினைத்து, "ஆமாங்க்கா" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வரவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். ரெகார்டு என்றால் எனக்குப் புத்தி அப்படிப் போகும்.

காலை 7.10க்குப் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டி ஏறினேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வலப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வரும், இறங்கும்போது பவுடர் பூசிய முகத்தோடு இறங்குவீர்கள். மடியில் ரெகார்டு ப்ளேயர், பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டி. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "தையல் மெஷினா சார்? லக்கேஜ் போடணுமே" என்றார். திறந்து காட்டினேன். "இதெல்லாம் இன்னும் விக்குதா?" என்று கேட்டுவிட்டு லக்கேஜ் போடாமலே போய்விட்டார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் பொங்கல் வடை நாற்பது ரூபாய், தைரியமாகச் சாப்பிடலாம். 8.50க்கு ஜெயங்கொண்டம் வண்டி. உடையார்பாளையம் தாண்டியதும் முந்திரிக் கொல்லைகள் ஆரம்பித்துவிடும், கண்ணுக்குக் குளிர்ச்சி. பத்து மணிக்கு ஜெயங்கொண்டம். அங்கிருந்து ஆண்டிமடம் போகிற டவுன் பஸ், பன்னிரண்டு கிலோமீட்டர். இறங்கின இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை, வெயில் மண்டையைப் பிளந்தது. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

வீட்டு வாசலிலேயே பெரிய பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர், சீரியல் லைட்டுச் சுருள், ஜெனரேட்டர். தொழில் அமோகமாக நடக்கிறது. அன்று முகூர்த்த நாள் என்பதால் அவர் வீட்டுக்காரர் உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். செல்வி அக்காவுக்கு ஐம்பதைத் தொடுகிற வயது. அவர் அப்பா ஆரம்பித்த தொழில் இது, இன்றைக்கு எந்த வண்டி எந்த மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று போனில் விரட்டிக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார். மகள் கவிதா மோர் கொண்டுவந்தாள். இருபத்து மூன்று, நான்கு வயதிருக்கும். கல்யாணமாகி நாலாவது மாதம் புருஷன் குவைத்துக்குப் போனவர், இரண்டு வருஷமாகிறது என்று அக்காவே சொன்னார்.

கல்யாணப் பெட்டி பச்சை பெயிண்ட், வீட்டுக்குள் பீரோ பக்கத்தில் இருந்தது. கறுப்புப் பெட்டியை வீட்டுக்குள் விடுவதே இல்லையாம். கொல்லையில் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்தது. அக்காவே இறக்கித் துடைத்துக் கொடுத்தார். பதினான்காவதாக வந்தது நம் ஆள். முதல் மூன்று பாட்டிலும் சிலுவை போட்ட மாதிரிக் கீறல். நாலாவது பாட்டில் ஒரு கோடுகூட இல்லை, பாட்டு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சின்னதாக ஒரு வெள்ளைப் பெயிண்ட் புள்ளி மட்டும்.

விலை பேசி முடித்துப் பையில் வைத்த பிறகு, அக்கா உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி. "இது உங்க வூட்டு அம்மாவுக்கு. ரெகார்ட நேரா உள்ள எடுத்துட்டுப் போயிடாதீங்க. வாசல்ல வெச்சு அவங்கள மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொல்லுங்க. கல்யாணம் ஆவாத ஆளுக்கு இந்தப் பெட்டியிலேருந்து ஒரு சாமான் குடுக்கறதில்ல தம்பி. சாவு வூட்டு வேலைக்கே எங்கப்பா அப்படி ஆள அனுப்ப மாட்டாரு. அதான் போன்லயே கேட்டுக்கிட்டேன்."

தட்டை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ரவிக்கைத் துணி புதுசு, கடை விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. இல்லாத ஒருத்திக்காக இந்த அம்மா கடைக்குப் போய் நிறம் பார்த்து எடுத்திருக்கிறார். எனக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது. ஊர் பூராவும் மார் தட்டிச் சொல்கிற விஷயத்தை, ஒரு ரெகார்டுக்காக ஒளித்துவிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

"அக்கா, எனக்குக் கல்யாணம் ஆகலீங்க. போன்ல பொய் சொல்லிட்டேன்."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். "இந்த ரெகார்டுக்கா பொய் சொன்னீங்க?"

"ஆமாங்க்கா."

"பொண்ணு கிண்ணு பாத்திருக்காங்களா?"

"இல்லீங்க. பண்ணிக்கறதா இல்ல."

"யாராச்சும் ஏமாத்திட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க்கா. தனியா நல்லாதான் இருக்கேன்."

ஏற இறங்கப் பார்த்தார். நம்பினாரா தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, என் பையிலிருந்து ரெகார்டை அவரே எடுத்துக்கொண்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு இருக்கே" என்றார்.

கேட்கவாவது விடுங்கள், ஒரே ஒரு தடவை, என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். இந்தப் பாட்டு வீட்டில் கேட்டால் தெருவே மாலையோடு வந்து நிற்கும் என்றார். கடைசியில் மோட்டார் கொட்டகை தாண்டி முந்திரிக் கொல்லைக்குள் போய், சத்தத்தைக் குறைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கவிதாவும் பின்னாலேயே வந்தாள். "புருஷன் வெளியூர்ல இருக்கறப்ப நீ இதக் கேக்கக் கூடாது, உள்ள போடி" என்று அக்கா அதட்டினார். அவள் நாலு மரம் தள்ளிப் போய் நின்றாள், அதற்கு மேல் நகரவில்லை.

முள்ளை வைத்தேன். அந்தக் குரல் அப்படியே வந்தது. அக்கா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். இரண்டாவது சரணம் முடிந்ததும், "அவ்ளோதான் தம்பி, தூக்கிடுங்க" என்றார்.

"இன்னும் இருக்கேக்கா."

"இல்ல, அந்த வெள்ளப் புள்ளி வந்ததும் எங்கப்பா முள்ளத் தூக்கிடுவாரு. அதோட முடிஞ்சிரும்."

நான் தூக்கவில்லை. பெயிண்ட் புள்ளியில் முள் டக், டக் என்று நாலைந்து சுற்று தட்டியது, பிறகு தாண்டிவிட்டது. தாண்டியதும் கப்பல் சங்கு. அடுத்தாற்போல் தவில், நாதஸ்வரம், பத்துப் பெண்கள் சேர்ந்து பாடுகிற குரல். புருஷன் திரும்பி வந்துவிட்டான். கடைசிச் சரணம் பூராவும் அவள் அவனைத் திட்டுகிறாள், ஏன் கடுதாசி போடவில்லை, மீசை எங்கே, மெலிந்துபோய் வந்திருக்கிறாயே என்று. கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாரும் முதல் இரண்டு நிமிஷத்துக்குப் பயந்து ஆணியால் கீறியிருக்கிறார்கள். துக்க வீட்டில் இந்தக் கும்மாளம் கேட்டுவிடக் கூடாதென்று புள்ளி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் இந்தக் கடைசிச் சரணத்தை யாரும் கேட்கவே விடவில்லை.

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "இத்தன வருசமா ஊரே இதக் கேட்டு அழுதுட்டு இருந்தோம்."

கவிதா எப்போது பக்கத்தில் வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. சிரிக்கிறாள், கன்னமெல்லாம் தண்ணீர். "மறுபடி போடுங்க அண்ணா, முதல்லேருந்து" என்றாள். அக்கா அவளை உள்ளே போகச் சொல்லவில்லை. நாலு தடவை போட்டேன்.

பேட்டரி இறங்க ஆரம்பித்தபோது அக்கா ரெகார்டை எடுத்து உறையில் போட்டார். மனசு மாறித் தரப்போகிறார் என்றே நினைத்தேன். "தம்பி, கோச்சுக்காதீங்க. இத நான் குடுக்கறதா இல்ல. நீங்க கல்யாணம் ஆன ஆளா இருந்தாலும் குடுக்க மாட்டேன்" என்றார். மகளைப் பார்த்த பார்வையில் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். போனில் பதிவு செய்தாயா என்று கேட்பீர்கள். கேட்டுக்கொண்டே இருந்ததில் மறந்துவிட்டேன், திட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள். சுண்டைக்காய் வற்றக்குழம்பு, அப்பளம். 3.20க்கு டவுன் பஸ், ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு ரூமுக்கு வந்துவிட்டேன். நடுவில் அரியலூரில் ஒரு டீ. பஸ்ஸில் வரும்போது அந்தப் பாட்டை மனசுக்குள் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன், வரி தப்பாமல் வந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். முகூர்த்த நாளில் போகாதீர்கள், சவுண்ட் சர்வீஸ்காரர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ப்ளேயர் கையோடு இருக்கட்டும், மாற்று பேட்டரியும். அந்தப் பக்கம் மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை பஸ் குறைவு, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் இன்னொரு பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், ரெகார்டு போனாலும் போகட்டும்.

போன வாரம் அக்கா போன் செய்தார். மருமகன் அடுத்த மாதம் லீவில் வருகிறாராம். அன்றைக்கு ப்ளேயரோடு வரச் சொல்லியிருக்கிறார். பழைய குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டி அந்தப் பாட்டைப் போடப்போகிறார்கள். "மாப்ள வூட்டுக்குள்ள கால் வெச்சப்புறம்தான் முள்ள வைக்கணும், முந்திடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். சனங்கள் துக்கம் என்று நினைத்து ஓடி வருவார்களே என்றேன். "வரட்டும், எல்லாருக்கும் சாப்பாடு இருக்கு" என்றார்.

அதனால் அடுத்த மாதம் நீங்கள் யாராவது ஆண்டிமடம் ரோட்டில் போகும்போது, தூரத்தில் குழாய் ஸ்பீக்கரில் ஒருத்தி அழுது பாடுவது கேட்டால், ஐயோ பாவம் என்று வண்டியை விரட்டிவிடாதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள். மூன்றரை நிமிஷம்தான்.