தலைகீழாகத் தூங்கும் கிளி

டிவியில் ஒரு சின்னக் கிளி கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி தூங்கிக்கொண்டிருந்தது.

அதே இனம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், வியட்நாமில், சைகோனில் வேலைபார்த்த அப்பா, புதுச்சேரிக்குத் திரும்பிய நண்பரிடம் எங்களுக்குக் கொடுத்தனுப்பியது. குருவியளவு பச்சைக் கிளி. வால்மேல் மட்டும் சிவப்பு. தேனும் பழமும்தான் தீனி. கூண்டில் எப்போதும் கனிந்த வாழைப்பழ வாசனை.

வந்த அன்று, மாதா கோயிலில் சாயங்கால மணி அடித்தபோது, அது வௌவாலாட்டம் தொங்கியது. அந்த இனம் அப்படித்தான் தூங்கும் என்பது எங்களுக்குத் தெரியாது.

"ஐயோ, செத்துப்போச்சே! அவருக்கு என்னா ஆச்சோ!" என்று அலறிய அம்மா விடியும்வரை செபமாலை உருட்டினாள். விடிந்ததும் கிளி நிமிர்ந்து கத்தியது.

பிறகு தினமும் அது தொங்கும்போது அம்மா சிரிப்பாள். "விடியட்டும், எழுந்துக்கும்."

ஒரு மாலை பங்குச் சாமியார் வந்து, அப்பா சைகோனில் காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அழுதார்கள். அம்மா கூண்டையே பார்த்தாள்.

"எதுக்கு அழறீங்க? விடியட்டும். எழுந்துடுவாரு."

சாகும்வரை, விடியற்காலையில் முதல் வேலையாக வாசல் கதவைத் திறந்துவைத்தாள்.

டிவியில் விடிந்தது. கிளி நிமிர்ந்தது. நான் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தேன்.