பாதிக்கடலின் இரண்டாவது கடிகாரம்

துறைமுக வாசலில் அவளுக்குப் 'பாதிக்கடல்' என்று பெயர். பாதிப் பயணத்தில் கப்பல் விட்டுவிட்டுப் போன பொம்பளை என்பதால் வாசல் வண்டிக்காரர்கள் கேலியாக வைத்தது. ஆரம்பத்தில் அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். பிறகு ஒருநாள் அந்தப் பெயரையே தன் வேனின் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டாள். அதோடு கேலி அடங்கியது. மறந்து மன்னித்தால் மனசு லேசாகும் என்று உபதேசம் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களை அவள் வண்டியில் ஏற்றினால் ஜன்னல் ஓரம்கூடக் கொடுக்கமாட்டாள்.

சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கிற நாளில் வாசலில் வேனை நிறுத்தி, இறங்கி வரும் குடும்பங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவள் பிழைப்பு. வேனின் பக்கவாட்டில் மூன்று கடற்கரைகளின் படங்கள் இருக்கும். முதல் கரை பக்கத்திலேயே. முட்டி அளவு தண்ணீர், குழந்தைகள் உட்கார்ந்து விளையாடலாம். இரண்டாவது குடையும் சாய்வு நாற்காலியும் போட்ட இடம், ஒரே கூட்டம். மூன்றாவது மலைக்குப் பின்னால், வெகுதூரம். படத்தில் பார்த்தால் சொக்கிப்போகும், இறங்கினால் அலை ஆளை உருட்டும். ஒரு குடும்பம் நடந்து வருகிற விதத்தை வைத்தே அவர்களுக்கு எந்தக் கரை என்று சொல்லிவிடுவாள்.

ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு கடிகாரங்கள். ஒன்று கரை நேரம், மற்றது கப்பல் நேரம். அந்தக் கப்பல் எத்தனை ஊருக்குப் போனாலும் தன் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளாது. இந்த ஊர் நேரமோ அதற்கு ஒரு மணி பின்னால். கையில் இருக்கும் போன், கரையில் கால் வைத்ததும் யாரையும் கேட்காமல் ஊர் நேரத்துக்குத் தாவிவிடும். நாலு மணிக்குள் ஏற வேண்டும் என்றால் அது கப்பல் கடிகாரத்து நாலு. போனில் நாலு பார்த்துவிட்டு வருகிறவன் கப்பலின் முதுகைத்தான் பார்ப்பான். "என் வண்டியில ஏறிட்டீங்கன்னா போனை மறந்துடுங்க, இந்தக் கடிகாரத்தைப் பாருங்க" என்பதுதான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவள் சொல்லும் முதல் வார்த்தை. அவள் வேனில் போன யாரும் இதுவரை கப்பலைத் தவறவிட்டதில்லை. அந்தப் பேரில்தான் அவள் அடுப்பு எரிகிறது.

கடிகாரங்களுக்குக் கீழே இருக்கிற பெட்டியில் ஒரு தைல டப்பா கிடக்கும். மூடி திறக்காதது. அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அன்றைக்குக் காலையில் ஒரு சொடக்குச் சத்தம் கேட்டுத்தான் அவள் திரும்பினாள். கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து போடுகிற சொடக்கு. நாயைக் கூப்பிடுவது போல ஒருவன் தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். பூப்போட்ட சட்டை, தொப்பை, கறுப்புக் கண்ணாடி. ஆள் மாறியிருந்தான், சொடக்கு மாறவில்லை. அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. பாவி, உயிரோடுதான் இருக்கிறான்!

அவள் கப்பலில் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கிறவளாக இருந்தபோது அவன் அங்கே சூப்பர்வைசர். பெண்களின் சாப்பாட்டு நேரத்தை அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்துக்கொண்டே வந்தான். மேலதிகாரி சோதனைக்கு வந்த அன்று எல்லார் முன்னாலும் அவள் அதைப் போட்டு உடைத்தாள். அவனுக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்தது. பிறகு சில நாள் அவன் தேனாகப் பேசினான். இந்தத் துறைமுகத்துக்கு வந்த அன்று சொடக்குப் போட்டுக் கூப்பிட்டு, "வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி உயிர் போகுதாம். இங்க ஒரு தைலம் கிடைக்கும், நீ போய் வாங்கிட்டு வந்துடு. இன்னைக்குக் கப்பல் கடிகாரத்தைக் கரை நேரத்துக்கு மாத்திட்டாங்க. இந்த ஊரு நேரப்படி நாலுக்கு வந்தா போதும்" என்றான். நம்பினாள். தைலமும் கையுமாக அவள் ஓடி வந்தபோது கப்பல் நடுக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

வேலையை விட்டு ஓடிப்போனவள் என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கப்பலும் அவளைச் சேர்க்கவில்லை. வழிச்செலவுக்கு இந்த ஊரில் கண்ட வேலையும் பார்த்து, அக்காவிடம் விட்டுவந்த மகனைப் பார்க்க அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளை அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அக்காவைத்தான் அம்மா என்றான். இவளை இன்றைக்கு வரைக்கும் 'சித்தி' என்றுதான் கூப்பிடுகிறான். அங்கே இருக்கப் பிடிக்காமல் பிழைப்புத் தேடி இந்தத் துறைமுகத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். பெற்றவளைச் சித்தியாக்கிய அந்தச் சொடக்கு இப்போது வேனுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தொப்பிக்குள் முடியைச் சொருகிய ஒல்லிப் பெண்ணைத்தான் அவன் பார்த்திருந்தான். இவளோ வெயிலில் கறுத்து, உடம்பு போட்டு, கிராப்பு வெட்டி, வெயில் கண்ணாடி மாட்டியிருந்தாள்.

"அம்மா, இந்தக் கரை! குட்டிப் பாப்பால்லாம் தண்ணிக்குள்ள உக்காந்திருக்கு பாரு!" என்று அவன் மகள் முதல் படத்தில் விரல் வைத்தாள். ஏழெட்டு வயசு இருக்கும்.

"இதுக்கே போலாங்க. பிள்ளை பாவம், ஏறின நாள்லேருந்து தண்ணியில விளையாடணும்னு கேக்குது" என்றாள் அவன் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? குளத்துல குளிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஏம்மா, அந்தக் கடைசிக் கரைக்கு விடு. இந்த ஊரு எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றான் அவன்.

எந்த நாளாக இருந்தாலும் பாதிக்கடல் குறுக்கே பேசியிருப்பாள். அலை மோசம், பிள்ளைக்கு ஆகாது, தூரமும் அதிகம் என்று சொல்லியிருப்பாள். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க இஷ்டம் சார்" என்றாள். அவர்கள் பின்னால் ஏறுவதற்குள் இருக்கை மேல் கிடந்த துண்டை எடுத்துக் கப்பல் நேரக் கடிகாரத்தின் மேல் போட்டாள். முதல் வார்த்தையை அன்று அவள் சொல்லவில்லை. கிடக்கட்டும், கரையில் நின்று பார்க்கட்டும், அப்போது தெரியும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

மலை ஏறும்போது அவனே வாயைக் கொடுத்தான். "இந்தத் துறைமுகத்துலதான் ஒருத்தியைக் கழட்டி விட்டோம். வாய் கொஞ்சம் நீளம். மணி பாக்கக்கூடத் தெரியாத ஜென்மம்! கப்பல் கிளம்பினப்புறம் கையை ஆட்டிக்கிட்டு ஓடி வர்றா பாரு, நாங்க மேல நின்னு சிரிச்சோம் பாரு, வயிறு புண்ணாயிடுச்சு."

"அய்யோ, அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? எங்கயாவது கிடப்பா."

பாதிக்கடல் கியரை ஓங்கி மாற்றினாள். சிரித்தானா! அவன் நின்று பார்த்தான் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

அப்போது சிறுமி முன்னால் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, அந்தக் கடிகாரத்துக்கு ஏன் போர்த்தி விட்டிருக்கீங்க? தூங்குதா?"

"ஆமா கண்ணு, தூங்குது" என்றாள்.

மூன்றாவது கரையில் அவள் நினைத்தபடியே நடந்தது. அவன் நேராகக் கடைசியில் இருந்த குளிர்பானக் கடைக்குப் போய்ப் பீர் பாட்டிலோடு உட்கார்ந்துவிட்டான். அலைக்குப் பயந்து பிள்ளை தண்ணீரில் இறங்கவில்லை. மணலில் உட்கார்ந்து தன் காலைத் தானே மூடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க பாதிக்கடலுக்குப் பொறுக்கவில்லை. அவன்மேல் இருந்த ஆத்திரம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? இன்னொரு பெண்ணையும் பிள்ளையையும் இதே ஊர்க் கரையில் நிறுத்தினால் அவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. வேனுக்குள் போய்த் துண்டைப் பிடுங்கி எறிந்தாள். இப்போது கிளம்பினால் பிடித்துவிடலாம்.

மனைவியிடம் வந்து, "அம்மா, உங்க போன் காட்டறது ஊரு நேரம். கப்பல்ல ஒரு மணி முன்னாடி. இப்பவே கிளம்பணும், அவரைக் கூப்பிடுங்க" என்றாள்.

மனைவி பதறிக்கொண்டு கடைக்கு ஓடினாள். அங்கே அவன் போட்ட கூச்சல் வேன் வரைக்கும் கேட்டது.

"எனக்கே கப்பல் நேரம் சொல்லித் தர்றியா? எத்தனை வருஷம் கப்பல்ல குப்பை கொட்டினவன் நான்! போன் காட்டறதுதான் கப்பல் நேரம். அந்த வேன்காரி சீக்கிரம் வீட்டுக்குப் போகப் பாக்கறா, நீயும் தலையாட்டிக்கிட்டு வர்ற. போ, போ!"

சலவைக்கூடத்துச் சுவரில் கப்பல் நேரம் தானாக ஓடிக்கொண்டிருக்கப் பார்த்தே காலம் தள்ளியவன். கையில் இருக்கும் போன் கட்சி மாறும் என்று அவனுக்கு யார் சொல்வது? பாதிக்கடல் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு கடிகாரத்தையும் கழற்றிக் காட்டியிருந்தால் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்திருப்பான். அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மனைவி முகம் சிவந்து திரும்பி வந்தாள். பிள்ளையை ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்கண்ணாடியில் இருந்த எழுத்தையும் பாதிக்கடலின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவர் சொன்ன கதையில வர்றவங்க நீங்களாக்கா?"

"நான்தாம்மா. உங்க முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பினாரு."

"எனக்கு முழங்கால் வலியா?" அவள் திகைத்தாள். "எனக்கு அப்படி எந்த வலியும் வந்ததே இல்லையே அக்கா."

இத்தனை வருஷமும் பாதிக்கடல் ஒன்றை மட்டும் அவன் பக்கம் விட்டுவைத்திருந்தாள். நேரத்தில்தான் பொய் சொன்னான், வலியாவது நிஜமாக இருந்திருக்கும் என்று. இப்போது அதுவும் போயிற்று. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் கண்ணாடியைத் தூக்கிப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள்.

மனைவி ஒரு தடவை கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்து, காலிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, இன்னொன்று வாங்கித்தர வரச் சொல்லிச் சொடக்குப் போட்டான். அவள் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"நான் சொல்லியாச்சு. நீங்க வண்டியை எடுங்கக்கா."

"அப்பா?" என்றது பிள்ளை.

"அப்பாவுக்கு இந்த ஊரு நல்லாத் தெரியும் கண்ணு. மெதுவா வருவாரு."

வளைவுகளில் பிரேக்கையே தொடாதது போல ஓட்டினாள் பாதிக்கடல். வாசலில் தாயும் பிள்ளையும் இறங்கி ஓடினார்கள். கப்பலில் ஏறும் பாலத்தை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஏறிவிட்டார்கள். மேல்தளத்திலிருந்து பிள்ளை கையை ஆட்டியது. இவளும் ஆட்டினாள்.

கப்பல் துறையை விட்டு வெளியே போன பிறகுதான் கடைக்காரனின் மோட்டார் சைக்கிளில் அவன் வந்து இறங்கினான். "நில்லு! நில்லு!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். காவலர் அவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். கப்பல்காரர்கள் விட்டுப்போனது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தான். அதே கல்லில்தான் அவளும் அன்றைக்கு உட்கார்ந்திருந்தாள். கதை கேட்கிறவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு இளகலாம். அவளுக்கு இளகவில்லை. குளுகுளுவென்றுதான் இருந்தது.

வேனிலிருந்து இறங்கி அவனுக்கு எதிரில் போய் நின்று, வெயில் கண்ணாடியைக் கழற்றினாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒரு சொடக்குப் போட்டாள். அவன் தலையைத் தூக்கினான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது.

அவள் அந்த டப்பாவை அவன் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க சார், நீங்க வாங்கிட்டு வரச் சொன்ன தைலம். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."